அம்மப்பா சொன்னது பாடத்துக்குப் புறம்பானதா?

திருகோணமலைப் பாடசாலைகளில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகள் தரம் 10 படிக்கிறாள். போன தவணை அவளுக்கு ஓர் ஒப்படை: பார்த்த படம் அல்லது வாசித்த கதை ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். திருத்தி வந்த கொப்பியில் இரண்டாம் பக்கம் முழுவதும் சிவப்புக் கோடு. ஓரத்தில், ‘பாடத்துக்குப் புறம்பானது. படிப்பினை எங்கே?’ எந்தப் பாடசாலை, எந்த ஆசிரியர் என்று சொல்லப்போவதில்லை. அவர் பிள்ளைகளில் அக்கறையுள்ளவர். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்ததை நீங்கள் எல்லாரும் அறிய வேண்டும்.

ஓரிரவு ரீவியில் தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுப் படம் ஒன்று போனது. கடல் உள்வாங்குகிறது, வெறுந்தரை தெரிகிறது, பிறகு தென்னை உயரத்துக்குச் சுவர் மாதிரி அலை வருகிறது. கதிரையில் இருந்த என் அப்பா “பொய்” என்றார்.

“முதல்ல வத்தேல்ல. முதல்ல பொங்கினது. கறுத்த தண்ணி, சோத்துப்பானை பொங்குற மாதிரி முத்தத்துக்கு வந்தது. வத்தினது அதுக்குப் பிறகு. முடிஞ்சுது எண்டு நினைச்சுத்தான் சனம் சாமான் எடுக்கக் கரைக்குப் போனது.”

பிறகு யார் யார் போனார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். வலையை எடுக்கப் போன என் சித்தப்பாவின் பெயர் கடைசியாக வந்தது. அப்பா உப்புவெளிக் கரையில் நாற்பது வருடம் தொழில் செய்தவர். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி அதுவரை எங்களிடம் ஒரு சொல் கதைத்ததில்லை. யாராவது கேட்டால் எழும்பிப் போய்விடுவார். அந்தப் படம் பிழையாகக் காட்டியதைப் பொறுக்க முடியாமல்தான் வாய் திறந்தார்.

மகள் அதோடு விடவில்லை, தேடி வாசித்தாள். சுமாத்திராவுக்கு அருகே கடலடி முறிந்தபோது மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. எங்கள் பக்கம் முதலில் வந்தது ஏற்றம். அம்மப்பா சொன்னது அச்சொட்டாகச் சரி. கடல் வத்தினால் ஓடு என்று மட்டும் படித்த பிள்ளை, அது வத்தும்வரை கரையில் பார்த்துக்கொண்டு நின்றால் என்னாகும்? இதைத்தான் அவள் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தாள். இதைவிடப் பெரிய படிப்பினை எதுவென்று எனக்கு விளங்கவில்லை.

ஆசிரியர்களே, எங்கள் ஊர் கதையின் மேல் இருக்கிற ஊர். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இராவணன் தாயின் கடன் கழிக்க உண்டாக்கியவை என்கிறோம். நிலத்தடிச் சூட்டில் வரும் ஊற்று அது என்று விஞ்ஞான பாடம் சொல்லும். இரண்டும் தெரிந்தவர்கள்தான் தலைமுறை தலைமுறையாகத் தாய்க்கு அந்தியேட்டி செய்ய அங்கே போனார்கள். அவ்வளவு பெரிய அரசனும் தாய் செத்தால் ஒரு பிள்ளைதான் என்பது அந்தக் கதைக்குள் இருக்கிறது.

கோணேசர் கோயிலடித் தூணின் கதையும் உங்களுக்குத் தெரியும். 1687இல் காதலன் கப்பலேறிப் போகிறான் என்று ஓர் ஒல்லாந்தப் பெண் அந்த மலையிலிருந்து குதித்தாளாம். அவள் அதற்குப் பிறகும் வாழ்ந்து மணம் முடித்ததைப் பழைய ஆவணங்கள் காட்டுகின்றன. குதித்தது பொய். ஆனால் போகிற கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேதனை இந்தத் துறைமுகத்துச் சனத்துக்குத் தெரியாததா? கதை நிலைத்தது அதனால்தான்.

பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, அது உங்கள் கையில் இல்லை. ஒரு கதையோ படமோ முடிந்ததும் ‘இது கூறும் படிப்பினை யாது?’ என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முதல் ‘இதில் எது உங்களுக்குப் பொய்யாகப் பட்டது? இப்படி உங்கள் வீட்டில் யாருக்காவது நடந்ததா?’ என்று கேளுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். சில வீடுகளில் இந்தக் கேள்விக்கு அழுகைதான் பதிலாக வரும், அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள். சொல்ல வருகிற பிள்ளைக்கு மட்டும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

இன்று ஓ.எல் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள். கண்டவர்களுக்கு வயது போகிறது. என் அப்பாவுக்குப் போன மாதத்திலிருந்து காது சரியாகக் கேட்பதில்லை, பெயர்களும் மாறிப்போகின்றன. சித்தப்பாவோடு கரைக்குப் போன ஐந்து பேரில் இரண்டு பெயர் இப்போது அவருக்கு வரவில்லை. மகளின் கொப்பியில், அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, ஐந்தும் இருக்கின்றன.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு தாய்