நெரிசல் தெருவில் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் இப்போது எங்கே போனாலும் யாராவது ஒருவருடைய பிள்ளை நியூ ஜேர்சிக்குப் போகிற கதைதான். என் மகள் குடும்பம் அங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பத்திரகாளி அம்மன் கோயில் வாசலிலேயே மறித்து அங்கே இருப்பு எப்படி என்று கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் நின்று சொல்லிக் கால் வலி எடுத்துவிட்டது, அதனால் ஒரேயடியாக உங்களுக்கு எழுதுகிறேன். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவள் கண்டது, அவ்வளவுதான்.

அமெரிக்க மாநிலங்களிலேயே சனநெருக்கம் கூடியது அதுதான். இலங்கையின் மூன்றில் ஒரு பங்கு இடம், 2020 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 93 இலட்சம் பேர். இதைக் கேட்டுவிட்டுக் கொழும்புப் புறக்கோட்டை மாதிரி ஒன்றை நினைத்துக்கொண்டு போனேன். இறங்கிப் பார்த்தால் மகளின் தெருவில் ஒரு சனம் இல்லை. பின்னேரம் நடந்தால் எதிரே வருவது மான். உண்மையாகத்தான், நம்முடைய கோட்டைப் பக்கம் நிற்கிற மாதிரியே அங்கேயும் வளவுக்குள் வந்து பூச்செடியைத் தின்றுவிட்டு நிற்கும். ஆனால் நம்முடையது வாழைப்பழத் தோலுக்குக் கையைப் பார்க்கும், அங்கே உள்ளது இருட்டில் காருக்குக் குறுக்கே பாயும். ஒக்டோபர், நவம்பரில் மருமகன் பொழுதுபட்டால் ஊர்ந்துதான் ஓட்டுவார்.

சரி, அந்த 93 இலட்சம் பேரும் எங்கே? காலையில் ரெயில் நிலையத்தில் நிற்கிறார்கள். மருமகனுக்கு வேலை நியூயோர்க்கில். எடிசன் என்கிற ஊர்ப் பக்கம் ரெயில் ஏறினால் ஒரு மணித்தியாலம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நிலையத்தில் இருந்து நாலு மைல் தள்ளி வாடகை குறைந்த வீடாகப் பார்த்து எடுத்துவிட்டார்கள். பிறகுதான் விளங்கியது, நிலையத்தடியில் காரை நிறுத்தி வைக்க மாத அனுமதி வேண்டும், அதற்கும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே விடிய ஆறு மணிக்கு மகள் நித்திரைப் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிப் பின்சீட்டில் கட்டி, அவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவாள். ஒவ்வொரு நாளும். போர்வை நழுவி விழுகிற பக்கம் நான் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வீட்டு வாசலில் இருந்து அலுவலக வாசலுக்கு இரண்டு மணித்தியாலம், அதுவும் ரெயில் ஒழுங்காக ஓடினால். ஹட்சன் ஆற்றுக்கு அடியால் இந்த ரெயில் நியூயோர்க்குக்குப் போவதற்கு 1910இல் திறந்த இரண்டு ஒற்றைப் பாதைச் சுரங்கங்கள்தான் இன்னும். 2012 சாண்டிப் புயலில் உப்புத் தண்ணீர் புகுந்து அவையும் பழுதாகி, ஒன்றில் ரெயில் நின்றால் பின்னால் வருகிறதெல்லாம் வரிசையில் நிற்கும்.

வீடு வாங்குகிற யோசனை உள்ளவர்களுக்கு ஒரு சொல். இங்கே நகரசபைக்குச் சோலைவரி கட்டுகிற நினைப்போடு போகாதீர்கள். அங்கே வீட்டு வரி சராசரியே வருடத்துக்கு 10,000 டொலருக்கு மேல், நாட்டிலேயே அதிகம். மாநிலத்துக்குள் 564 ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரி, அதில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்கு. விலாசத்தைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் என்பதால் நல்ல பள்ளிக்கூடம் உள்ள ஊரில் வீட்டு விலையும் ஏறித்தான் நிற்கும். விற்கிறவர் வீட்டு விலையைச் சொல்லுவார், போன வருட வரி எவ்வளவு என்று நீங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். வாடகைக்கு என்றால் முற்பணம் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கச் சட்டம் விடாது. தெரியாதவர்களிடம் மூன்று மாதம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், நம்முடைய ஆட்கள் உட்பட.

மலிவு என்று நிலத்துக்குக் கீழே உள்ள அறைக்குப் போவதையும் யோசியுங்கள். மகள் முதலில் இருந்தது அப்படி ஒன்றில்தான், ஒரு இரவு மழைக்கே அரிசி வாளி மிதந்தது. 2021 செப்டெம்பரில் ஐடா புயலின் மிச்ச மழையில் அந்த மாநிலத்தில் 30 பேர் அளவில் இறந்தார்கள், பலர் வெள்ளத்தில் காரோடு மாட்டுப்பட்டவர்கள். 1964ஆம் ஆண்டுப் புயலைக் கண்ட ஊரார் நாங்கள், தண்ணீரைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நல்லதும் இருக்கிறது. உடுப்புக்கு விற்பனை வரி இல்லை. பெற்றோலை நாமே அடிக்க விடமாட்டார்கள், 1949இல் இருந்து அப்படி ஒரு சட்டம், காருக்குள் இருந்தால் ஆள் வந்து அடித்துவிடும். கடையில் பிளாஸ்டிக் பை தராததால் நான் கொண்டுபோன பன்பைக்குத்தான் மகள் வீட்டில் அதிக மரியாதை. எடிசன், ஐஸ்லின் பக்கம் ஓக் ட்ரீ வீதியில் முருங்கைக்காய் முதல் கறிவேப்பிலை வரை வாங்கலாம், விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கக்கூடாது. தெற்கே பைன் காட்டுப் பக்கம் ஆள் குறைவு, வாடகையும் குறைவு என்கிறார்கள், ஆனால் நியூயோர்க் வேலைக்காரருக்கு அது சரிவராது.

கையெழுத்து வைப்பதற்கு முதல் ஒரு வேலைநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் இருந்து வேலையிடம் வரை ஒருதடவை போய்ப் பாருங்கள். மகளும் மருமகனும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தவர்கள். இப்போது நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு தேடுகிறார்கள், வாடகை 400 டொலர் கூடவாம். கொடுங்கள் என்றுதான் நானும் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை.