நாலாவது கட்டம் காலி

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் உதவி எண் 14567 பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த குறிப்பைப் படித்தேன். நல்ல எண்தான், காலை 8 முதல் இரவு 8 வரை காசில்லாமல் பேசலாம். கோயில் மண்டபத்துத் தூணில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் நம்பர் கொடுத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நாமெல்லாம் நினைத்துக்கொள்கிறோமே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் நானும் இரண்டு நண்பர்களும் வாரத்தில் இரண்டு நாள் காலையில் மேசை போட்டு உட்காருகிறோம், வயசானவர்கள் எந்தக் காரியத்துக்கு எங்கே போகணும், என்ன தாள் கொண்டுபோகணும் என்று வந்து கேட்பார்கள். நோட்டில் நாலு கட்டம்: தேதி, என்ன கேட்டார், எங்கே அனுப்பினோம், என்ன ஆச்சு. முதல் நோட்டைப் புரட்டினால் மூன்று கட்டம் நிறைந்திருக்கும், நாலாவது அநேகமாகக் காலி.

ஒரு ஆச்சி. நாற்பது வருஷம் பீடி சுற்றியவர், பி.எப். பென்ஷன் மாசம் 1,000 ரூபாய். உயிரோடு இருப்பதை வருஷா வருஷம் விரல்ரேகை வைத்துக் காட்டும் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க ஒரு சேவை மையத்துக்கு அனுப்பினோம், நோட்டிலும் எழுதினோம், அதோடு மறந்தும் போனோம். நாலு மாசம் கழித்து ரேஷன் கடை வரிசையில் பார்த்தால், பென்ஷன் நின்று போயிருக்கிறது. "நீங்க சொன்ன எடத்துக்குத்தான் தம்பி மூணு தடவ நடந்தேன். ரேகை விழலங்காவ. இலை வெட்டி வெட்டித் தேஞ்ச கையில ரேகைக்கு எங்க போவேன்?" என்றார். பீடி சுற்றும் இந்த ஊரில் பாதிப் பெண்களின் விரல் அப்படித்தான், இது எங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி பி.எப். பென்ஷன்காரர்களுக்கு 2022-லேயே வந்துவிட்டது. நண்பரின் மகள் தன் போனில் செய்து கொடுத்தாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னால் ஆச்சி இறுக மூடிக்கொள்கிறார், புரை விழுந்த கண் வேறு. திண்ணை வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏழாவது தடவைதான் சரியாக விழுந்தது. மொத்தம் கால் மணி நேர வேலை!

அப்புறம்தான் வழக்கத்தை மாற்றினோம். அனுப்பிய பத்தாம் நாள் எங்களில் ஒருவர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டு வருவார். வீட்டில் போய் உட்கார்ந்தால் மேசையில் வராத பேச்சும் வரும். மகன் சோறு போடவில்லை என்பதை யாரும் நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டார்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று சொன்னால், "வேண்டாம், நாளைக்கு அவன்தானே கொள்ளி வைக்கணும்" என்கிறார் ஒரு தாத்தா. அவர் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் காட்டிவிட்டு வருகிறோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்த மாதிரிச் செய்தி போடும்போது நம்பரோடு நிறுத்தாமல், அங்கே போய்த் திரும்பி வந்தவர் ஒருவரிடம் என்ன நடந்தது என்று கேட்டும் போடுங்கள். அப்படியே, பி.எப். பென்ஷன்காரர்கள் நவம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், எந்த மாசம் சான்று கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருஷத்துக்குச் செல்லும் என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட முடியுமா? நவம்பர் மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர், முக்கூடல்