பட்டாணி விதை கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்ததும் அவரை, வெண்டையோடு பட்டாணி விதையும் சேர்த்துக் கேட்கிறீர்கள். கையிருப்பில் இருந்தாலும் கார்த்திகைக்கு முன் அதைத் தருவதில்லை என்று வைத்திருக்கிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பட்டாணிக்குக் குளிர் வேண்டும். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டத் தாண்ட பூ உதிரும். தப்பிக்கும் காயிலும் மணி பிடிக்காது. எவ்வளவு உரம் போட்டாலும் இதற்கு ஈடாகாது. கோவையில் ஓரளவு தோதான நாட்கள் மார்கழியும் தையும்தான். ஆர்க்கெல் போன்ற குட்டை ரகம் இரண்டு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும் என்பதால், மழை ஓய்ந்து கார்த்திகையில் ஊன்றினால் மாசி வெயில் ஏறுவதற்குள் வேலை முடியும். போனவில் ரகம் இன்னும் மூன்று வாரம் கேட்கும், சமவெளியில் அது சூதாட்டம். ஊட்டி, குன்னூர்க்காரர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே உறைபனி பூவைக் கருக்கிவிடும். பனி விலகியபின் மாசி வாக்கில் போடுங்கள்.

சென்னையிலிருந்து கூரியரில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே காயை நம்பாதீர்கள். நெருக்கமாக விதைத்து, ஒரு சாண் வளர்ந்ததும் இளங்கொழுந்தைக் கிள்ளிக் கீரையாகப் பொரியல் செய்யுங்கள். மூன்று வாரம் போதும், ருசியும் பட்டாணி ருசிதான்.

அப்புறம், விதை சுருங்கிப் பழசாகத் தெரிகிறது என்று சிலர் திருப்பிக் கொண்டுவருகிறீர்கள். அது பழசு இல்லை, அந்த ரகமே அப்படித்தான். இந்த வகையில் சர்க்கரை முழுவதும் மாவாக மாறுவதில்லை. அதனால் பச்சையில் இனிப்பும் நீரும் அதிகம், காயும்போது தோல் சுருங்கிவிடுகிறது. மரபியல் அறிஞர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் உருண்டை விதை, சுருக்க விதை என்று பிரித்துப் பார்த்தாரே, அதே சுருக்கம்தான். மளிகைக் கடையில் சுண்டலுக்கு வாங்கும் பட்டாணி உருண்டை வகை. அதுவும் முளைக்கலாம், ஆனால் பச்சையாகத் தின்ன இந்த இனிப்பு இருக்காது. இளஞ்சிவப்பாக இருக்கும் விதை மருந்து பூசியது. வாயில் போடக் கூடாது, பிள்ளைகள் கைக்கும் எட்டக் கூடாது.

நாற்று விட்டு நட வேண்டாம், நேராக ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்கும்வரை மண் ஈரப்பதமாக இருந்தால் போதும். சொதசொதவென்று இருந்தால் சுருக்க விதை சீக்கிரம் அழுகும். மூங்கில் கழியை நட்டுவிட்டுக் கொடி ஏறவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அதன் பற்றுக்கம்பி மெல்லியது, தடித்த கழியைச் சுற்றாது. சணல் கயிறோ காய்ந்த சுள்ளியோ கொடுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம். வேர் முடிச்சுகளே தழைச்சத்தைப் பிடித்துத் தரும். மேலே கொட்டினால் இலைதான் செழிக்கும். இலையில் வெள்ளைப் பொடி படிந்தால் சாம்பல் நோய், ஆரம்பத்திலேயே நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) தெளியுங்கள்.

ஒரு செடியில் பத்துப் பதினைந்து காய் வந்தால் நல்ல விளைச்சல். ஆகவே இரண்டு செடிப் பை வைத்துவிட்டுக் குருமாவுக்குக் காத்திருக்காதீர்கள், இருபத்தைந்து செடியாவது வேண்டும். காய் பருத்ததும் இரண்டு நாளைக்கு ஒருமுறை பறியுங்கள். முற்றவிட்டால் இனிப்பும் போகும், புதுப் பூவும் நின்றுவிடும்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து விதை கிடைக்கும். வரும்போது எத்தனை செடிப் பை, மொட்டை மாடியா தரையா என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கேற்ற அளவு தருகிறோம்.

அன்புடன்,
விதைக் கடையிலிருந்து, கோவை