மீனவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பெரியவர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்ற தீர்மானங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன. நான் திருக்கைச் சாதி மீனான உழுவையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நின்ற 61 நாளில் வலைக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டோம். ஐரோப்பாக் கடலில் அழிந்துவரும் ஏஞ்சல் சுறா என்ற மீனின் படத்தைக் காட்டியதும் ஒரு பெரியவர், "இது நம்ம உழுவைதானப்பா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. இரண்டும் தட்டை, இரண்டும் தரையோடு கிடப்பவை. ஆனால் உழுவைக்கு வாயும் செவுளும் அடிப்பக்கம். ஏஞ்சல் சுறாவுக்கு வாய் முகத்தின் முனையிலேயே இருக்கிறது. பக்கத் துடுப்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் தலையோடு ஒட்டியிருக்காது. ஆகவே அது திருக்கைச் சாதி இல்லை, சுறாதான். மணலைப் போர்த்திக்கொண்டு, கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியே தண்ணீரை இழுத்து மூச்சுவிட்டபடி கிடக்கும். மீன் அருகே வந்ததும் சட்டென்று எழும்பிக் கவ்விவிடும். முட்டை இடுவதில்லை, குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு 25 குட்டிக்கு மேல் கிடையாது.

ஐரோப்பாக் கரைகளில் ஒரு காலத்தில் சாதாரணமாகக் கிடைத்த மீன் அது. தரையை அரித்து இழுக்கும் மடிவலையில் சிக்கிச் சிக்கியே பல இடங்களில் அற்றுப்போய்விட்டது. இன்று ஓரளவு நிறையத் தெரிவது ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில்தான். அங்கே அதை அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் ஸ்பெயின் 2019இல் சேர்த்தது. பிரிட்டனின் வேல்ஸ் கரையில் மீனவர்களின் ஞாபகங்களையும் பழைய புகைப்படங்களையும் கேட்டு வாங்கி, அது எங்கெங்கே இருந்தது என்று குறிக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு ரம்பம் போன்ற கொம்புள்ள வேளா மீன்தான் ஞாபகம் வந்தது. சினைச் சுறாவின் கொம்பை நட்டுக் கும்பிட்ட நெய்தல் நிலத்துப் பிள்ளைகள் நாம். நம் வீட்டுப் பையன்களோ வேளாவைக் கண்ணால் பார்த்ததில்லை. வேளாவும் உழுவையில் ஒரு வகையும் 2001இலேயே பிடிக்கவே கூடாதவற்றின் பட்டியலான வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. வேளாவைப் பொறுத்தவரை நாம் பிந்திவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

ஐப்பசியில் கரைவலை மடியில் ஒரு தாய் உழுவை விழுந்தது. வயிறு புடைத்திருந்தது, கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை திறந்து திறந்து மூடியது. மடியை அறுத்து, இரண்டு பேர் அடியில் கை கொடுத்துத் தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் விட்டார்கள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. அப்புறம் ஒரே வாலடி, கலங்கல் மட்டும்தான் மிஞ்சியது. அறுத்த மடியைத் தைக்கச் சங்கக் கணக்கில் நூல் வாங்கிக் கொடுத்தோம். இனியும் கொடுப்போம், யாரும் தயங்க வேண்டாம்.

வேளாவையும் உழுவையையும் எங்கே, எந்த மாதம், எத்தனை பாகம் ஆழத்தில் பார்த்தோம் என்று எழுத வலைக்கூடத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொன்னால் போதும், ஞாயிறு மாலைகளில் நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்