உதயகிரிக் கோட்டைக்குப் புறப்படும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக-கேரள எல்லையூரான களியக்காவிளைக்கு இருபுறமும் உள்ள பள்ளிகள் கல்விச் சுற்றுலாவுக்கு நாள் குறிக்கும்போது, காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, மதியம் திற்பரப்பு அருவி, மாலையில் கன்னியாகுமரி என்று வகுத்துக்கொள்வதே எங்கள் பகுதியில் வழக்கமாக இருக்கிறது. தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டை நின்றாலும், பேருந்துகள் பெரும்பாலும் அதைக் கடந்து போய்விடுகின்றன. அங்கு செல்ல எண்ணுவோருக்கும், செல்லும் பாதையைச் சீர்செய்யக்கூடிய துறைகளுக்கும் சில சொற்கள் எழுத விரும்புகிறேன்.

முதல் முறை குடும்பத்துடன் போனபோது நானே தவறு செய்தேன். கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இயங்குவதால், பிள்ளைகள் புள்ளிமான்களைப் பார்த்து மகிழ்ந்ததும் வந்த வேலை முடிந்தது என்று திரும்பிவிட்டோம். டச்சுப் படையுடன் வந்து பின்னர் திருவிதாங்கூர் மன்னரின் தளபதியான டிலனாயின் கல்லறை அங்குள்ள சிதைந்த சிற்றாலயத்துக்குள் இருக்கிறது என்பது வீடு வந்தபின்தான் என் நினைவுக்கு வந்தது. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் ஒருவன் இதை ஒப்புக்கொள்வது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் முறை வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் குளச்சல். இலங்கையிலிருந்து வந்திறங்கிய டச்சுக் கம்பெனிப் படையை, மிளகு வணிகத்தை முன்னிட்டு எழுந்த போரில், 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மரின் திருவிதாங்கூர்ப் படை தோற்கடித்ததன் நினைவாக அங்கு வெற்றித்தூண் நிற்கிறது. அடுத்து பத்மநாபபுரம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த அந்த ஊரின் அரண்மனையில், டச்சுப் படைத்தலைவன் டிலனாய் மன்னர்முன் சரணடையும் ஓவியத்தைக் காணலாம். அதன்பின் உதயகிரிக்கு வந்தால், சரணடைந்த அதே மனிதன் மன்னரின் படைகளுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, பீரங்கி வார்க்கும் சாலை அமைந்த இக்கோட்டையில் வாழ்ந்து, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய தளபதி) என்ற பெயருடன் மண்ணில் அடங்கியது தொடர்கதையாகப் புரியும். மூன்றும் ஒன்றுக்கொன்று அருகருகே இருப்பதால், காலையில் புறப்பட்டால் அவசரமின்றி ஒரே நாளில் பார்த்து முடிக்கலாம். இதே வரிசையில் வட்டக்கோட்டையையும் சேர்க்க ஆசைப்படுவோர் உண்டு. அது கன்னியாகுமரிக்கு அப்பால் கிழக்கே இருப்பதால் வேறொரு நாளைக்கு ஒதுக்குவதே நல்லது.

கல்லறையின்முன் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும். லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்ட கல் அது. ‘வழிப்போக்கனே, நில்’ என்று லத்தீன் வாசகம் தொடங்குகிறது. ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாய் உழைத்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அவருக்கு அடிபணிய வைத்ததையும் சொல்லி, 62 ஆண்டுகள் 5 மாதங்கள் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்ததாக முடிகிறது. அருகிலேயே மனைவியும், களக்காட்டுச் சண்டையில் 1765இல் 19 வயதில் உயிரிழந்த மகனும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். எதிரியாக வந்தவனின் கல்லறையில் லத்தீனுக்குப் பக்கத்தில் தமிழும் இடம்பெற்றிருப்பதை எந்தப் பாடநூலும் என் மாணவர்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தைக் கிறிஸ்தவ சமயத்துக்கு அழைத்து வந்தவரும் இதே டிலனாய்தான் என்பதால், தேவசகாயம் உயிர்நீத்த ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குச் செல்வோரில் சிலராவது இங்கும் வர விரும்பக்கூடும்.

திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபோதும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருந்துவருகிறது. அது திங்கட்கிழமைகளில் திறக்கப்படுவதில்லை. கோட்டைப் பூங்காவோ தமிழக வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. ஆகவே ஒன்றின் விடுமுறையையும் நேரத்தையும் வைத்து மற்றொன்றைக் கணக்கிட்டுவிடக் கூடாது. நாற்பது பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிய பிறகு இதை அறிந்துகொள்வதில் பயனில்லை.

எனவே இரு மாநிலத் துறைகளும் சேர்ந்து, இந்த மூன்று இடங்களையும் ஒரே வரைபடத்தில் காட்டும் ஒரு தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, அரண்மனை நுழைவுச் சீட்டுக் கூடத்திலும் பூங்கா வாயிலிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கல்லறையின் லத்தீன் வரிகளுக்கு எளிய தமிழாக்கமும், தேய்ந்து போகக்கூடிய தமிழ் வரிகளின் படியும் அத்தாளின் பின்பக்கத்தில் இடம்பெறட்டும். பூங்கா வாயிலிலிருந்து கல்லறை வரை அம்புக்குறிப் பலகைகள் வைத்தால், என்னைப் போல் மானைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களின் எண்ணிக்கை குறையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
களியக்காவிளை.