நாடக மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சரஸ்வதி பூஜை, பொங்கல் விழா, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கான நடிப்புப் பயிற்சி மூன்றும் வழக்கம்போல் நடந்தன. நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. கோரம் சேராமல் தள்ளிப்போன கூட்டங்களும் உண்டு.

இந்த ஆண்டின் பெரிய வேலை, பாழடைந்த ஜமீன் பங்களாவில் கதை நடக்கும் நமது பேய் இசை நாடகம். சின்ன மன்றத்துக்குத் தந்திரக் காட்சி எதற்கு என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். பதில் சொல்லியாக வேண்டும். ஆர். எஸ். மனோகரின் புராண நாடகங்களைத் தந்திரக் காட்சிகளுக்காகவே தேடிப்போன ஊர் இது. லண்டனில் 1986-ல் அரங்கேறிய ‘ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா’ இசை நாடகத்தில் சரவிளக்கு அறுந்து விழுவது பயமுறுத்த மட்டும் அல்ல. காதல் மறுக்கப்பட்டவனின் ஆத்திரம்தான் அப்படி விழுகிறது. பொருள் இல்லாத தந்திரம் வெறும் வித்தை.

அதனால்தான் நாம் நிலைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டோம். தங்கை தன் முகம் பார்க்கும் இடத்தில் இறந்துபோன அக்கா வந்து நின்று பாடவேண்டும். முறை பழையது; 1862-ல் லண்டனில் பெப்பர் என்பவர் மக்களுக்குக் காட்டியது. மேடையில் 45 டிகிரி சாய்வாக, மறுபுறம் தெரியும்படியான ஒரு பெரிய கண்ணாடி. பார்வையாளர் கண்ணுக்கு மறைவாக, கறுப்புத் துணிக்கு முன்னால் அக்கா. அவர்மேல் வெளிச்சம் ஏற ஏற, உருவம் தங்கைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் தெரியும், இறக்கினால் மறையும். நாம் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் வைத்து, அக்காவைப் பக்கத்து விங்கில், அதாவது மேடையோர மறைவில், நிறுத்தினோம். ஷீட்டுக்குப் பின்னால் நிற்கும் தங்கைக்கு அந்த உருவம் தெரியாது. தரையில் ஒட்டிய டேப்பை வைத்தே பார்வையைத் திருப்பவேண்டும். ஷீட் குரலையும் அடைக்கும் என்பதால் காலர் மைக் வேண்டியிருந்தது.

ஒரு லைட் ஏறும்போதே இன்னொன்று இறங்கவேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒத்திகை பார்த்தால்தான் அது கைகூடும். பொறுப்பை ஏற்றவர்கள் ஒத்திகைக்கு வரவில்லை. நாடகத்தன்று பல்லவி முடிந்த பிறகே அக்கா தெரிந்தார். சரணத்தில் சரியாக அமைந்தபோது அரங்கம் எப்படி அடங்கியது என்பதை வந்தவர்கள் அறிவார்கள். வராதவர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிய விமர்சனம் நடித்த பெண்களை மிகவும் வருத்தியது.

கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். டிக்கெட்டும் நன்கொடையும் அரங்க வாடகைக்கும் மைக் செட்டுக்கும் சரியாகப் போயின. ஷீட்டுக்கு நான் கைக்காசு போட்டிருக்கிறேன். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா பாக்கி.

தலைவர், பொருளாளர், ஒப்பனைக் கலைஞர், பக்கவாத்தியக்காரர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மெல்லிய வலைத்துணித் திரை போடலாம் என்பது என் எண்ணம். முன்பக்க வெளிச்சத்தில் அது பங்களாச் சுவர். அதை அணைத்துப் பின்னால் ஏற்றினால் சுவர் கரைந்து உள்ளே இருப்பவர் தெரிவார். செலவு குறைவு, ஆனால் லைட்டுக்கு ஆள் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் ஒத்திகைக்கும் வருவதானால் செயலாளர் பொறுப்பில் தொடர எனக்குச் சம்மதம். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார்.