நான்கு குடும்பம் இருந்தாலும் அங்கே அது ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணெய்க் கடனுக்கு ஈடாக இலங்கை ஈரானுக்குத் தேயிலை கொடுக்க 2021 டிசம்பரில் ஒப்பந்தம் ஆனது. கடன் 25 கோடி 10 இலட்சம் டொலர். நம் பெண்கள் பறிக்கும் கொழுந்து போய்ச்சேரும் நாட்டிலும் தேயிலை விளைகிறது என்று கேள்விப்பட்டு, அது விளையும் ஊரைப் பற்றித் தேடிப் படித்தேன். லாஹிஜான் என்பது அதன் பெயர். காஸ்பியன் கடலோரக் கீலான் மாகாணத்தில் இருக்கிறது. இந்தியாவில் ஈரானின் தூதரக அதிகாரியாக இருந்த காஷெஃப் அல்சல்தனே, 1900 வாக்கில் காங்ராவிலிருந்து கன்றுகள் கொண்டுபோய் அங்கே நட்டார். நம் நாட்டின் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டது 1867இல். ஆக, நாம் அவர்களுக்கு மூத்தவர்கள்.

வயதில் மூத்தவர்கள்தான், ஆனால் அரசாங்கப் பதிவில் நாம் எங்கே நிற்கிறோம்?

மாகாணம், அதற்குள் மாவட்டம், அதற்குள் பிரிவு, கடைசியாகக் கிராமத் தொகுதி என்று ஈரான் 1937லேயே சட்டம் போட்டு வகுத்துவிட்டது. ஆட்கள் பெருகப் பெருக எல்லைகளையும் மாற்றி வந்திருக்கிறார்கள். லாஹிஜானின் கீழ் ஒரு பிரிவாக இருந்த சியாஹ்கல் பிறகு தனி மாவட்டமானது. அதன் தலைநகரில் வசிப்பவர்கள் ஏறக்குறைய 20 ஆயிரம் பேர்தான். லாஹிஜான் நகரம் 2006 கணக்கெடுப்பில் 71,871 பேருடன் இருந்து, 2016இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

என் மனதைத் தொட்டது இதற்கும் கீழே உள்ள கணக்கு. அந்நாட்டுக் குடிசன மதிப்பீட்டில் ஒவ்வொரு கிராமமும் தன் பெயரோடு வருகிறது. எத்தனை குடும்பம், எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது. மலைக்குள் நான்கே குடும்பம் உள்ள இடமும் ஒரு ஊர்தான். ஆளே இல்லாமல் போன ஊருக்கும் பெயர் அழியவில்லை.

எங்கள் மலையகத்து மஸ்கெலியாப் பக்கம் வாருங்கள், ஐயா. தேயிலைத் தோட்டங்களில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று பரம்பரை பரம்பரையாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. கோயில் உண்டு, பாடசாலை உண்டு, சுடுகாடும் உண்டு. அரச பட்டியலில் மட்டும் ஊர் இல்லை. பல தோட்டங்களைச் சேர்த்து ஒரே கிராம அலுவலர் பிரிவு. வீட்டுக்கு இலக்கம் கிடையாது, தோட்டத்தின் பெயரே எல்லோருக்கும் விலாசம். கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்தில் தேங்குகின்றன. என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகே கைக்கு வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2018 தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளைப் பிரித்து ஆறாக்கினார்கள். மஸ்கெலியாவுக்கும் தனிச் சபை வந்தது. தோட்டங்களுக்குள் சபைகள் வேலை செய்யத் தடையாக இருந்த, பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் அதே ஆண்டு திருத்தப்பட்டது. சரி, அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி. ஆனால் சபை வந்தும் அதன் கீழ் ஊர் வரவில்லையே!

நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு தோட்டப் பிரிவையும், மக்கள் அழைக்கும் பெயரிலேயே, கிராமமாக வர்த்தமானியில் வெளியிடுங்கள். வீடுகளுக்கு இலக்கம் கொடுங்கள். பெரிய கிராம அலுவலர் பிரிவுகளைப் பிரியுங்கள். அடுத்த குடிசன மதிப்பீட்டில் பிரிவு வாரியாக எண்ணிக்கையை வெளியிடுங்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ப் பெயரும் விபரமும் எழுதித்தர எங்கள் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். பிரதேச செயலகம் ஒரு படிவம் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
மஸ்கெலியா.